திரையைப் பார்க்காமலே ஆடியோ எடிட்டிங்... எப்படி சாத்தியம்?

ஆடியோ எடிட்டிங் என்றாலே, திரையில் தெரியும் அலைக்கோடுகளைப் பார்த்து மவுஸால் வெட்டுவதுதான் நினைவுக்கு வரும். ஆனால் பார்வையற்றவர்கள் கீபோர்டையும் காதையும் வைத்தே இந்த வேலையை முடிக்கிறார்கள்.

ஸ்கிரீன் ரீடர் என்ன செய்யும்?

திரையில் உள்ள மெனு, பட்டன், எழுத்துகளைக் குரலில் வாசிக்கும். விண்டோஸில் இயங்கும் என்விடிஏ இலவசம். 2006-ல் இதைத் தொடங்கிய ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரனும் பார்வையற்றவர்தான். ஆனால், அலைக்கோடு வெறும் படம். அதை ஸ்கிரீன் ரீடரால் வாசிக்க முடியாது.

அப்போ எப்படி வெட்டுவது?

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில், ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆடியோ ஓடும். ஓடும்போதே, தவறு தொடங்கும் இடத்தில் '[', முடியும் இடத்தில் ']' தட்டினால் அந்தப் பகுதி செலக்ட் ஆகிவிடும். 'சி' தட்டினால், அதை நீக்கிய பிறகு எப்படி ஒலிக்கும் என்று முன்கூட்டியே கேட்கலாம். சரியா இருக்கா? டெலிட். தப்பாயிடுச்சா? கன்ட்ரோல் + இசட்.

ரெக்கார்டிங்கின்போது ஹெட்போன் அவசியம். இல்லையென்றால் ஸ்கிரீன் ரீடரின் குரலும் மைக்கில் பதிவாகிவிடும்.

சிக்கல் எங்கே?

மென்பொருளை உருவாக்குபவர்கள் பட்டனுக்குப் பெயர் கொடுக்காவிட்டால், ஸ்கிரீன் ரீடர் 'பட்டன்' என்று மட்டுமே சொல்லும். அது சேவ் செய்யுமா, அழிக்குமா என்று தெரியாது. ரீப்பர் மென்பொருளை ஸ்கிரீன் ரீடருடன் பயன்படுத்த, ஒசாரா என்ற இலவச இணைப்பை என்விடிஏவை உருவாக்கியவர்களில் ஒருவரே எழுதினார். இப்படி ஒரு வழி இல்லாத மென்பொருளில், எடிட்டிங் நன்றாகத் தெரிந்தவருக்கும் வேலை கைநழுவிப் போகும்.