மீடிறன்

இலங்கையின் கல்முனையில் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளை ‘மீடிறன்’ என்பதைத் தமிழ்நாட்டுப் பிள்ளை ‘அதிர்வெண்’ என்கிறது. பொருள் ஒன்றே: ஒரு செக்கனில் நிகழும் அலைவுகளின் எண்ணிக்கை. நாள், தோறும் சேர்ந்து நாடோறும் ஆவதுபோல் மீள், திறன் சேர்ந்து மீடிறன். மீண்டும் மீண்டும் நிகழ்வதை ஒரே சொல்லில் அடக்கிய அழகான ஆக்கம் இது.

ஒளிமின் விளைவுக் கணக்கின் உயிரே இந்தச் சொல்தான். சோடியத்தின் வேலைச்சார்பு, அதாவது அதிலிருந்து இலத்திரனை வெளியேற்றத் தேவையான மிகக் குறைந்த சக்தி, ஏறக்குறைய 2.3 இலத்திரன் வோல்ற்று. அதைப் பிளாங்கின் மாறிலியால் வகுத்தால் நுழைவாய் மீடிறன் சுமார் 5.6 × 10¹⁴ ஹேட்ஸ். அதற்குக் கீழான ஒளியின் செறிவை எவ்வளவு கூட்டினாலும் இலத்திரன் வெளிவராது. இது ஏன் என்பதை 1905இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். பிள்ளைகளே, வினாவில் அலைநீளம் தந்திருந்தால் முதலில் மீடிறனாக மாற்றி, நுழைவாயோடு ஒப்பிட்டபின் சமன்பாட்டைத் தொடுங்கள்.