பன்றிக் கொட்டிலுக்குள் வந்த களிமண்

மேய்ச்சல் நிலத்தில் பிறக்கும் பன்றிக்குட்டி சில நாளிலேயே மூக்கால் மண்ணைக் கிளறித் தின்னத் தொடங்கிவிடும். மேற்கு நாடுகளில் சிமெண்ட் தரைக் கொட்டில்கள் பரவியபோது அந்த மண் அதற்குக் கிடைக்காமல் போனது. குட்டிகள் வெளுத்துச் சோர்ந்து மடிந்தன. தாய்ப்பாலில் இரும்புச்சத்து போதாததே காரணம் என்று 1920களில் பிரிட்டனில் கண்டறிந்தார்கள். பண்ணையாளர்கள் புல்வேரோடு மண்கட்டிகளை வெட்டி வந்து கொட்டிலுக்குள் போட, குட்டிகள் அவற்றை முட்டி உடைத்துத் தின்றன. 1950களில் இரும்பு ஊசி வந்தபின் மண்கட்டியின் தேவை குறைந்தது.

களிமண் தீவனத்துக்குள் நுழைந்தது வேறு வழியில். அமெரிக்காவின் வயோமிங்கில் கிடைத்த களிமண்ணுக்கு 1898இல் பெந்தோனைட் என்று பெயரிட்டார்கள். தீவன ஆலைகள் அதைப் பெல்லெட் எனும் தீவன உருளைகள் உதிராமல் பிடித்து நிற்கச் சேர்த்தன. 1960இல் இங்கிலாந்தில் சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பூசணம் உண்டாக்கிய அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சுதான் காரணம். அந்த நச்சைப் பிடித்துவைக்கும் பொருளைத் தேடிய டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980களில் களிமண் வகைகளில் விடை கண்டார்கள். பெந்தோனைட்டின் ஏடுகள் மிக மெல்லியவை. நச்சு மூலக்கூறு அவற்றின் இடுக்கில் சிக்கி, இரத்தத்தில் கலக்காமல் சாணத்தோடு வெளியேறிவிடும்.

குட்டிகளின் குடலுக்கு வந்த சோதனை இதைவிடப் பெரியது. இயற்கையில் மூன்று நான்கு மாதத்தில் மெல்ல மெல்லப் பால் மறக்கும் குட்டியைப் பண்ணைகள் மூன்று நான்கு வாரத்திலேயே தாயிடமிருந்து பிரித்துவிடுகின்றன. பிரிந்தபின் குட்டி சரியாகத் தீனி எடுக்காத சில நாளில் குடலின் உட்சுவரிலுள்ள நுண்விரல்கள் சுருங்குகின்றன. ஈ.கோலை கிருமி சுவரில் ஒட்டிக்கொண்டு நச்சைச் சுரக்கிறது. உடம்பின் நீரெல்லாம் கழிச்சலாகப் போய்விடும். 1950களிலிருந்து தீவனத்தில் கலந்த ஆன்டிபயாடிக் இந்த அவலத்தை மறைத்து வைத்திருந்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகியதால், வளர்ச்சிக்காக அதைக் கலப்பதை ஸ்வீடன் 1986இல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006இல் நிறுத்தியது. மாற்றாக அதிக அளவில் கொடுத்த துத்தநாக ஆக்சைடு மண்ணில் சேர்ந்து கேடு செய்ததால் 2022இல் அதற்கும் தடை வந்தது.

இந்த இடைவெளியில்தான் களிமண் குடல் காப்பாக மதிப்புப் பெற்றது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஈ.கோலை கொடுத்த குட்டிகளின் தீவனத்தில் 0.3 சதவீதம் களிமண் வகைகள் சேர்த்துப் பார்த்ததில் கழிச்சல் குறைந்தது. முடிவு 2012இல் வெளியானது. எடை கூடுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. நல்ல களிமண் நோயைத் தணிக்கும். அவசரமாகப் பால் மறக்கடிப்பதால் வரும் கேட்டை அது தீர்க்காது.

எந்த மண்ணும் ஆகாது. 1997இல் அமெரிக்காவில் கோழித் தீவனத்துக்கான சோயாப் பிண்ணாக்கு கட்டிபடாமலிருக்கக் கலந்த மிசிசிப்பிக் களிமண்ணில் டையாக்ஸின் என்ற நச்சு இருந்தது. டையாக்ஸினும் ஈயம் போன்ற கன உலோகங்களும் இல்லையென்று சோதித்த களிமண்ணை மட்டுமே தீவனத்தில் சேர்க்க வேண்டும்.