'பர்மா ராணி' காலத்து நெய்தல்

கடற்கரையில் நின்று பிரிந்தவனை எண்ணி இரங்குதல் நெய்தலின் உரிப்பொருள். இரண்டாம் உலகப்போரின்போது அவ்விரக்கம் ஏட்டிலிருந்து இறங்கி, ஜொகூர் ரப்பர்த் தோட்டங்களிலும் அத்தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய தஞ்சை, திருச்சிச் சிற்றூர்களிலும் குடியேறிற்று.

சேலம் மாடர்ன் தியேட்டர்சார் 1945இல் வெளியிட்ட 'பர்மா ராணி', நடந்துகொண்டிருந்த போரையே கதைப்பொருளாக்கிய தமிழ்ப்படம். டி. ஆர். சுந்தரம் இயக்கிய அதில், ஜப்பானியர் வசமிருந்த பர்மாவில் சிக்கிய இந்திய விமானிகளுக்குக் கே. எல். வி. வசந்தா ஏற்ற ராணி துணை நிற்கிறாள். இடரும் காதலும் விரவிய கதை. பிரிட்டிஷாரின் போர்முயற்சிக்கு ஆதரவு தேடிய கதை என்பதையும் மறைப்பதற்கில்லை.

அவ்வாண்டு செப்டம்பர்த் திங்கள் வரை ஜொகூர் ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. அங்குள்ள தமிழருக்கு இடர் திரையில் வரவில்லை. 1942 சனவரி 26ஆம் நாள், எண்டாவ் கரைக்கு வந்த ஜப்பானியக் கப்பல்களைச் சிங்கப்பூரிலிருந்து சென்ற பழைய விமானங்கள் தாக்கிப் பேரிழப்புடன் மீண்டன. அன்றிரவு அனுப்பப்பட்ட இரு போர்க்கப்பல்களுள் 'தானெட்' விடியுமுன் மூழ்கடிக்கப்பட்டது. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. நாகப்பட்டினத்துக்கும் மலாயாவுக்கும் இடையிலான கப்பல்வழி அடைபட்டது. மடல் இல்லை, மனைவிக்கு அனுப்பிய பணம் இல்லை. தோட்டத்து ஆடவர் பலரைச் சயாம் மரண இரயில் பாதை விழுங்கியது.

ஈண்டு ஒன்று கருதத் தக்கது. திரையில் வந்த ராணி பிரிட்டிஷ் படைக்குத் துணை நின்றாள். மலாயாத் தமிழ்ப்பெண்களோ, 1943இல் சிங்கப்பூரில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து, அப்பிரிட்டிஷாரை எதிர்க்கவே பர்மாவுக்குச் சென்றனர். அவர்தம் வீரத்தை அன்றைய தணிக்கையாளர் திரையேற விட்டிருப்பரோ?

போருக்குமுன் தமிழரைச் சுமந்த இரட்டையர் போன்ற கப்பல்கள் ரோனாவும் ரஜூலாவும். போர்ப்பணிக்கு எடுக்கப்பட்ட ரோனா, 1943 நவம்பர் 26ஆம் நாள் அல்ஜீரியக் கடலில் ஜெர்மானிய விமானம் ஏவிய குண்டால் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர் மாண்டனர். ரஜூலா தப்பிற்று. போர் ஓய்ந்தபின் அது பழைய வழிக்கே திரும்பி, 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அதன் முதல் வருகைகளை நாகைக் கரையில் எதிர்நோக்கி நின்ற பெண்டிருள் சிலருக்கு, தம்மவர் சயாமிலேயே மாண்ட செய்தி அப்போதுதான் எட்டியிருக்கும்.