கற்றூண் மாட்சி

திருவிழாக் காலத்தில் சிவாலயத்தினுள் அடியெடுத்து வைக்கும் அன்பர் முதற்கண் கொடிமரத்தை வணங்குகிறார், நந்தியெம்பெருமானை வணங்குகிறார், மகாமண்டபத்தைக் கடந்து கருவறையை நோக்கி விரைகிறார். இடையே இருமருங்கும் வரிசையாக நின்று, தலையிலே பெரும்பாரம் தாங்கிக்கொண்டிருக்கும் கற்றூண்களை நம்மில் எத்தனை பேர் நிமிர்ந்து நோக்குகிறோம்? கூட்டம் மிகுந்த நாளில் சாய்ந்து நிற்க ஓர் இடம், கையில் எஞ்சிய திருநீற்றைத் தட்டிவிட ஒரு மூலை, இவ்வளவே நாம் அவற்றை அறிந்த அளவு. ஆயினும் நம் முன்னோர் அத்தூண்களுக்கு அளித்த உழைப்பும் எண்ணமும் சிறியன அல்ல. அஞ்செட்டி மலைப்பக்கத்துச் சைவ அன்பர்கள் அதனைச் சிறப்பாக அறிதல் வேண்டும். ஏனெனில் கற்றூணின் வரலாற்றில் நம் எல்லைப்புற நாட்டிற்கும் ஒரு பங்கு உண்டு.

தமிழில் தூணுக்குக் 'கால்' என்றொரு பெயர் உண்டு. ஆயிரக்கால் மண்டபம் என்கிறோம்; பந்தற்கால் நடுகிறோம்; முகூர்த்தக்கால் ஊன்றுகிறோம். மனிதனைத் தாங்குவதும் கால், மண்டபத்தைத் தாங்குவதும் கால். இவ்வெண்ணம் நமக்கு மட்டும் தோன்றியதன்று. கிரேக்கர் தம் தூண்களைத் தோரிக், அயோனிக், கொரிந்தியன் என மூவகையாகச் செய்தனர். கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய நூலாசிரியர் விட்ருவியஸ், ஆடவனின் பாதம் அவன் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு என்று கண்டு, அடிப்பருமனைப் போல் ஆறு மடங்கு உயரத்தில் தோரிக் தூணை அமைத்தனர் என்றும், பெண்ணின் மெலிவைக் கருதி எட்டு மடங்கு உயரத்தில் அயோனிக் தூணை அமைத்தனர் என்றும் எழுதி வைத்தார். கடல்கள் இடையிட்ட இரு நாட்டாரும் தூணில் மனித உடலையே கண்டனர். அழகிய தூணைக் கண்டதும் நம் உள்ளம் நிமிர்வதற்கு ஒரு காரணம் இதுவே. சுமையைத் தாங்கியும் தளராமல் நிற்கும் ஓர் உருவத்தை அங்கே நாம் காண்கிறோம்.

நம் சிற்பிகள் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். நான்கு பட்டையுள்ள தூணுக்குப் பிரமகாந்தம் என்றும், எட்டுப் பட்டையுள்ளதற்கு விஷ்ணுகாந்தம் என்றும், வட்டமானதற்கு உருத்திரகாந்தம் என்றும் பெயரிட்டனர். இப்பொழுது சிவலிங்கத் திருமேனியை நினைவு கொள்வோம். அதன் அடிப்பகுதி சதுரம், அது பிரமபாகம். நடுப்பகுதி எண்கோணம், அது விஷ்ணுபாகம். நாம் கண்டு வணங்கும் மேற்பகுதி வட்டம், அது உருத்திரபாகம். இலிங்கத்துக்கு விதித்த வடிவங்களையே தூணுக்கும் விதித்தனர். அடியும் முடியும் காணவொண்ணாத அழற்பிழம்பாக நின்றவன் அண்ணாமலையான். நிலைபெற்று நிற்பவன் என்னும் பொருளில் தாணு என்பதும் அவன் திருநாமம். சங்க காலத்து மக்கள் பொதுமன்றத்தில் கந்து எனும் தறியை நட்டு வழிபட்டனர். ஆகவே தூணைக் கட்டடத்தின் உறுப்பாக மட்டும் கருதுவது சைவ மரபுக்கு ஒவ்வாது.

தூணின் உறுப்புகளைக் கீழிருந்து மேலாக நோக்குவோம். அடியிலே சதுரம், அதன் மூலைகளில் படமெடுத்த நாகபந்தம். அதன்மேல் பட்டை தீட்டிய கால், அதில் மாலைத்தொங்கல். அதற்கும் மேலே கலசம், தாடி, குடம், தாமரையிதழ், பலகை. எல்லாவற்றுக்கும் மேலே இருபுறமும் கைநீட்டி உத்தரத்தை ஏந்தும் போதிகை. இவை வெறும் அலங்காரமல்ல. கல் நேராக அழுத்தும் பாரத்தை எளிதில் தாங்கும். நீண்ட உத்தரமாகக் கிடக்கும்பொழுதோ வளைக்கும் பாரத்தைத் தாங்காது விரிந்துவிடும். ஆதலின் உத்தரங்கள் குறுகியிருத்தல் வேண்டும். தூண்கள் நெருங்கியிருத்தல் வேண்டும். போதிகை தன் கைகளை நீட்டி அந்த இடைவெளியை மேலும் குறைக்கிறது. மண்டபங்கள் தூண்களின் வனமாகக் காட்சி தருவதற்குக் காரணம் கல்லின் இயல்பே. அந்தத் தேவையை அழகாக்கியது சிற்பியின் பெருமை.

இனி வரலாற்றைக் காண்போம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு ஆலயம் அமைத்ததாக மண்டகப்பட்டுக் குடைவரையில் கல்வெட்டுப் பொறித்தான். அவன் காலத்துத் தூண் அடியும் மேலும் சதுரம், நடுவே எண்பட்டை என்ற எளிய வடிவினது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் எடுத்த காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலில் தூணின் அடியில் சிங்கம் அமர்ந்துவிட்டது. சோழர் காலத்தில் கோணமாக வெட்டப்பட்ட போதிகை, விசயநகர, நாயக்கர் காலங்களில் கவிழ்ந்த பூவாக மலர்ந்தது. வேலூர்ச் சலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தில் தூண்களே பாயும் குதிரைகளாகவும் யாளிகளாகவும் உருவெடுத்தன. மதுரை ஆயிரக்கால் மண்டபத்தில் 985 தூண்கள் எழுந்தன. இராமேசுவரத்தில் தூண்களே நெடுவழியாகி, பிராகாரத்தின் பெருமையாயின.

நம் பகுதியின் பங்கு யாது? ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்து நிலம் கங்கர், நுளம்பர், சோழர், ஒய்சளர், விசயநகரத்தார் எனப் பல கொடிகளைக் கண்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒய்சள வீரராமநாதன் இம்மாவட்டத்துக் குந்தாணியிலிருந்து ஆண்டான். இவர்களுள் நுளம்பர் தூண் செய்வதில் பெயர் பெற்றவர். அவர்களின் தலைநகர் ஏமாவதி. அது இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டில் மகேந்திர நுளம்பனின் ஆட்சி தகடூர் எனும் தருமபுரி வரை பரவியிருந்தது. கருங்கல்லை மெருகேற்றி, சதுர முகங்களில் கொடிக்கருக்கும் தெய்வ வடிவங்களும் நுணுக்கமாகச் செதுக்கிய தூண்கள் அவர்களுடையவை.

இராசராசன் வென்ற நாடுகளின் பட்டியலில் நுளம்பபாடியும் உண்டு. அவ்வெற்றிகளின் பின்னர் நடந்ததுதான் வியப்பு. நுளம்ப நாட்டுத் தூண்கள் காவிரிக் கரைக்குப் பயணமாயின. இன்றும் அவை திருவையாற்றுத் திருக்கோயில் வளாகத்தில் நிற்கின்றன. இராசேந்திர சோழன் காலத்தில் அவை கொண்டுவரப்பட்டன என்பது வரலாற்றறிஞர் கருத்து. பொன்னும் யானையும் கொண்டு செல்லும் வெற்றி வேந்தர், பாரமான கற்றூண்களை ஏன் சுமந்து சென்றனர்? சோழநாட்டில் சிற்பிகளுக்குக் குறைவில்லை. தஞ்சைப் பெருவுடையார் கோயிலை எடுத்த கைகள் அங்கே இருந்தன. ஆயினும் மாற்றார் நாட்டுத் தூணின் அழகை அவர்கள் மறுக்கவில்லை, உடைத்தெறியவுமில்லை. அப்பர் பெருமானுக்குக் கயிலைக் காட்சி கிட்டிய தலத்திலே அவற்றை நிறுத்தினர். பகையின் பொருளாக வந்தது பக்தியின் பொருளாயிற்று. கவர்ந்து சென்றது முறையா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். நுளம்ப நாட்டார்க்கு அது இழப்பே. அவ்விழப்பையும் அதனுள் ஒளிந்த மதிப்பையும் ஒருங்கே அத்தூண்கள் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

ஆங்கிலேயர் காலத்தில் கிரேக்க, உரோமானியத் தூண்கள் நம் நாட்டுக்கு வந்தன. 1802-இல் சென்னையில் கட்டிமுடிக்கப்பட்ட விருந்து மண்டபம், பின்னாளில் இராசாசி மண்டபம் எனப் பெயர் பெற்றது, அத்தகைய தூண்களை உடையது. இன்று தொழிற்சாலைகள் பெருகிய ஓசூர்ப் பகுதியிலும், புதிய வீடுகளின் முகப்பில் சிமெண்டினால் வார்த்த இலைக்கொத்துத் தூண்களைக் காண்கிறோம். அதனை நாம் இகழவில்லை. அழகிய தூணை வாயிலில் நிறுத்த விரும்பும் ஆசை மனிதருக்குப் பொதுவானது. நம் வருத்தம் வேறு. வீட்டுக்குத் தூண் தேடி அலையும் நாமே, ஊர்க்கோயில் திருப்பணி வரும்பொழுது, "பழைய கல்தூண் எதற்கு, சிமெண்டில் புதிதாக எழுப்பிவிடலாம்" என்கிறோம். அகற்றாவிடினும், மணலை வேகமாக வீசிச் சுரண்டுகிறோம். பளபளக்கும் எண்ணெய் வண்ணம் பூசுகிறோம். மணல் பட்டால் சிற்பியின் உளி நுனி செய்த கண்ணும் விரலும் மழுங்கும், எழுத்துகள் தேயும், வண்ணம் பூசினால் கல்லின் ஈரம் உள்ளே அடைபடும்.

எழுத்துகள் என்றோம். அவை வேந்தர் புகழை மட்டும் கூறுவன அல்ல. "இத்தூண் இன்னார் தன்மம்" என்ற சிறு கல்வெட்டுகள் தமிழகக் கோயில்களில் பலவுண்டு. ஒரு வணிகர், ஒரு கைவினைஞர், ஒரு பெண்மணி, தம்மால் மண்டபம் எடுக்க இயலாது, ஒரு கால் நாட்ட இயன்றது, நாட்டினர். அவர் பெயரைச் சொல்ல வேறெந்த ஏடும் இல்லை. அத்தூணைச் சுரண்டுவது அவ்வடியாரின் பெயரை உலகிலிருந்தே துடைப்பதாகும்.

ஆதலின் அன்பர்களுக்கு நம் விண்ணப்பம் சில. திருநீற்றைத் தூணில் தட்டற்க, எண்ணெய்க் கையைத் துடைக்கற்க, சூடம் கொளுத்தற்க. திருப்பணி தொடங்குமுன் ஒவ்வொரு தூணையும் படம் எடுத்து, எழுத்திருப்பின் கல்வெட்டறிஞர்க்குக் காட்டுக. தூண் சாய்ந்திருப்பின், அதனையே நிமிர்த்தத் தக்க ஸ்தபதியாரை நாடுக. அடுத்த முறை ஆலயம் செல்லும்பொழுது, திருவிளக்கின் ஒளியில் ஒரு தூணையேனும் அடியிலிருந்து போதிகை வரை நின்று நோக்குக. நம் முன்னோர் நமக்காகத் தாங்கி நிற்கும் பாரம் அங்கே தெரியும்.

திருச்சிற்றம்பலம்.