இங்கிலாந்தில் நீர்நாயும் தூண்டில்காரர்களும்

இங்கிலாந்தின் ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழும் ஐரோப்பிய நீர்நாய் மீனை முதன்மை உணவாகக் கொண்ட பாலூட்டி ஆகும். இதனால் மீன் பிடிப்போருக்கும் இவ்விலங்குக்கும் இடையே பல நூற்றாண்டுகளாகப் பகை இருந்து வந்துள்ளது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏறத்தாழ அழிந்துபோன நீர்நாய் மீண்டும் பெருகியதும் அப்பகை புது வடிவம் பெற்றது.

வேட்டைக் காலம்

1566ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டம் ஒன்று நீர்நாயைத் தீங்கு செய்யும் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்து, அதைக் கொல்வோருக்குப் பரிசுத்தொகை வழங்க வகை செய்தது. 1653இல் ஐசக் வால்டன் வெளியிட்ட புகழ்பெற்ற தூண்டில் நூலிலும் நீர்நாய் வேட்டை இடம்பெறுகிறது. பிற்காலத்தில் இதற்கெனவே வளர்க்கப்பட்ட வேட்டை நாய்களுடன் குழுக்களாகச் சென்று வேட்டையாடுவது ஒரு பொழுதுபோக்காக வளர்ந்தது.

வீழ்ச்சி

1950களின் இறுதியில் நீர்நாய்களின் எண்ணிக்கை திடீரெனச் சரிந்தது. இதை வெளிப்படுத்தியவை வேட்டைக் குழுக்களின் குறிப்பேடுகளே. எத்தனை நாள் வேட்டைக்குச் சென்றனர், எத்தனை நீர்நாய்களைக் கண்டனர் என்று அவர்கள் ஆண்டுதோறும் பதிந்து வைத்திருந்தனர். அக்கணக்கை ஆராய்ந்தவர்கள், சரிவு தொடங்கிய காலமும் டீல்ட்ரின், ஆல்ட்ரின் ஆகிய பூச்சிக்கொல்லிகள் பரவலான காலமும் ஒத்திருப்பதைக் கண்டனர். விதைநேர்த்திக்கும் ஆடுகளைக் குளிப்பாட்டும் மருந்துக்கும் பயன்பட்ட இந்நஞ்சுகள் நீரில் கலந்து, மீனின் கொழுப்பில் சேர்ந்து, மீனை உண்ட நீர்நாயின் உடலில் மேலும் செறிந்தன.

1977 முதல் 1979 வரை நடந்த கணக்கெடுப்பில் இங்கிலாந்து முழுவதும் 2,940 இடங்களில் நீர்நாயின் எச்சமும் தடமும் தேடப்பட்டன. ஏறத்தாழ 6 விழுக்காட்டு இடங்களில் மட்டுமே அவை கிடைத்தன.

மீட்சி

1978இல் நீர்நாய்க்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. நச்சு மருந்துகள் படிப்படியாக விலக்கப்பட்டன, ஆறுகள் தூய்மையடைந்தன. 1983 முதல் கிழக்கு இங்கிலாந்தில், காப்பிடத்தில் பிறந்த நீர்நாய்களை ஆறுகளில் விடும் பணியும் நடந்தது. 2009–10 கணக்கெடுப்பில் பாதிக்கும் மேற்பட்ட இடங்களில் தடயங்கள் கிடைத்தன. 2011இல் கென்ட் பகுதியிலும் நீர்நாய் காணப்பட்டதால், இங்கிலாந்தின் எல்லாக் கவுன்டிகளுக்கும் அது திரும்பிவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

புதிய மோதல்

நீர்நாய் இல்லாத அந்த ஆண்டுகளில் தூண்டில் கலையும் மாறியிருந்தது. பெரிய கெண்டை மீன்களை ஏரிகளில் வளர்த்து, பிடித்தவுடன் உயிரோடு திரும்ப விடும் முறை பரவியது. 15 கிலோவுக்கு மேல் எடையுள்ள மீன் பல ஆண்டுகள் ஒரே ஏரியில் வாழும். அதற்குப் பெயரும் சூட்டுவார்கள். இத்தகைய மீனைப் பிடிக்கவே பலர் கட்டணம் செலுத்தி வருகின்றனர்.

நீர்நாய்க்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ அளவு உணவே போதும். ஆனால் குளிர்காலத்தில் மந்தமாக இருக்கும் பெரிய கெண்டையை அது எளிதில் பிடித்து, சிறு பகுதியை மட்டும் தின்றுவிட்டுக் கரையில் விட்டுச் செல்லும். இவ்வாறு ஒரே இரவில் ஏரி உரிமையாளரின் பல ஆண்டு உழைப்பு வீணாகலாம். நீர்நாய் விரும்பி உண்ணும் விலாங்கு மீன் 1980களுக்குப் பின் ஐரோப்பா முழுவதும் பெரிதும் குறைந்துவிட்டதும் நிலைமையைக் கடினமாக்கியது.

தீர்வுகள்

நீர்நாயைக் கொல்வது குற்றம் என்பதால் வேலியே முதன்மையான தீர்வாக உள்ளது. அடிப்பகுதி மண்ணில் புதைக்கப்பட்டு, மேற்பகுதி வெளிப்புறமாக வளைந்த கம்பி வலையே இதற்கு ஏற்றது. வேலிக்குள் சிக்கிய நீர்நாயை உரிமம் பெற்றவர்கள் உயிரோடு பிடித்து வெளியே விடலாம். ஏரியைச் சுற்றி வேலி அமைப்பது பெருஞ்செலவு. ஓடும் ஆற்றுக்கு அதுவும் இயலாது. எனவே ஆறுகளில் மீன் ஒதுங்க மர வேர்களும் நாணல் கரைகளும், முட்டையிடச் சரளைப் படுகைகளும் மீட்கப்பட வேண்டியுள்ளது. மீன் செழித்த ஆற்றில் இரு தரப்புக்கும் இடம் உண்டு.