நல்லையா மாஸ்டர்

மட்டக்களப்பு மக்கள் வல்லிபுரம் நல்லையா அவர்களை அரசாங்க சபை உறுப்பினர் என்றோ, பாராளுமன்றப் பிரதிநிதி என்றோ அழைத்ததிலும் பார்க்க 'நல்லையா மாஸ்டர்' என்று அழைத்ததே அதிகம். பதவிகள் வந்தன, போயின. மாஸ்டர் என்ற பெயர் மாத்திரம் நிலைத்துவிட்டது. எமது சங்கத்து இளைஞருட் பலர் அப்பெயரைத் தெருப்பெயராகவே அறிவர். ஆதலின் அன்னாரைப் பற்றிச் சில கூற விழைகின்றோம்.

1909ஆம் ஆண்டிற் பிறந்து ஆசிரியத் தொழில் புரிந்த நல்லையா அவர்கள், 1943இல் இடைத்தேர்தல் மூலம் திருகோணமலை - மட்டக்களப்புத் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபை புகுந்தார். அடுத்த ஆண்டிலேயே பெரிய சோதனை வந்தது. சிங்களத்தை அரசகரும மொழியாக்க வேண்டும் என்ற ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் பிரேரணை 1944 மே மாதத்தில் விவாதத்துக்கு வந்தது. அதிலே 'தமிழும்' என்று சேர்க்கும்படி திருத்தம் கொண்டுவந்தவர் நம் மாஸ்டரே. சொல் ஒன்றுதான், ஆனால் அச்சொல் இன்றேல், தமிழ்ப் பிள்ளை எம்மொழியிற் கற்பது, எம்மொழியிற் பரீட்சை எழுதுவது என்ற கேள்விகளுக்கு அப்பிரேரணையில் இடமே இருந்திராது. அக்காலத்தில் ஆங்கிலம் கற்றவனுக்கே உத்தியோகம். சுயபாஷைப் பள்ளியிற் படித்தவனுக்கு வழியில்லை. வகுப்பறையில் நின்றவருக்கு இக்குறை நன்கு தெரிந்திருக்கும் அல்லவா?

திருத்தம் ஏற்கப்பட்டது. பிரேரணை 27 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்தவை 2 மாத்திரமே. இரு மொழிகளையும் அன்று ஆதரித்துப் பேசியவர்களுள் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவும் ஒருவர். 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமரும் அவரே! தீர்மானம் வேறு, சட்டம் வேறு. மாஸ்டர் பெற்றுத்தந்தது தீர்மானமே. அதனைச் சட்டமாக்கி வைக்காமற் போனது எம்மவர் தவறுமாகும் என்பது எமது எண்ணம்.

1947இலும் 1952இலும் கல்குடாத் தொகுதி அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. ஆயினும் அவர் செய்தவற்றுள் எமக்குப் பெரிதாகத் தோன்றுவது வந்தாறுமூலை மத்திய கல்லூரியே. கன்னங்கராவின் மத்திய பாடசாலைத் திட்டத்தின் கீழ், 1946இல், பட்டணத்திலன்றி அதற்கு ஏறக்குறைய பத்து மைல் வடக்கேயுள்ள வயற்புறக் கிராமத்தில் அதனை அமைப்பித்தார். உழவர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே கற்றனர்.

மாஸ்டர் 1976இற் காலமானார். ஐந்தாண்டுகளின் பின், 1981இல், அக்கல்லூரி வளவிலேயே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று.