புதுக்கோட்டைக் கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா

புதுக்கோட்டை மாவட்டத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழையைக் கண்மாய்களில் தேக்கியே இங்கு நெல் விளைகிறது. தையில் அறுவடை முடிந்தபின், மாசி, பங்குனியாகிய பின்பனிக்காலம் முதல் இளவேனில் வரை வயலில் வேலை குறைவு. கண்மாயில் நீரும் குறைவு. இந்த இடைவெளியில்தான் மீன்பிடித் திருவிழா நடைபெறுகிறது.

இதற்கு நிலையான தேதி கிடையாது. நீர் வற்றும் அளவைப் பார்த்து ஊரார் நாள் குறித்து, அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் சொல்லி அனுப்புவர். அதுவரை யாரும் மீன் பிடிப்பதில்லை. குறித்த நாள் காலையில் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், காத்திருந்தவர்கள் ஊத்தா, கச்சா, வலைகளுடன் ஒன்றாக இறங்குவர். விரால், கெண்டை, கெளுத்தி எனக் கிடைப்பதை விற்பதில்லை. அன்று ஊரெங்கும் மீன்குழம்பு மணக்கும். இப்படிப் பகிர்ந்து உண்டால் அடுத்த ஆண்டு மழை பொய்க்காது என்பது நம்பிக்கை.

ஆனால் கண்மாய் மீன் எக்காலத்திலும் எல்லோருக்கும் இலவசமாக இருந்ததில்லை. நீர்நிலை மீனுக்கான வரியைச் சோழர் காலக் கல்வெட்டுகள் ‘பாசிப்பாட்டம்’ என்கின்றன. ஏலம் விடப்படும் இன்றைய ‘மீன்பாசிக் குத்தகை’யில் அப்பழஞ்சொல் எஞ்சியுள்ளது. அவ்வாறு ஏலம் போன கண்மாயில், குத்தகைதாரர் விட்டுக்கொடுத்தாலன்றி ஊரார் இறங்க முடியாது.